வலப்பக்கத்திலிருந்து

கரும்பாறைத் தோட்டத்துக் கடை, மடுல்சீமை
1913 மே 11

அன்பு மாறாத ராத்தா பலீலாவுக்கு, தங்கச்சி ஹம்ஸியா ஸலாம் சொல்லி எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம். நீங்களும் மச்சானும் நிஸாமும் பதுளையில் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நோன்புக்கு முன்னால் வந்து பார்ப்பேன் என்று வாக்குக் கொடுத்தவர் நீங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த மாசிக் கருவாட்டுச் சம்பலையாவது வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். பசறை தாண்டினால் தங்கச்சி ஞாபகம் இருக்காது போலிருக்கிறது.

ராத்தா, உங்கள் தங்கச்சி வாத்தியாராகிவிட்டாள். சிரிக்காதீர்கள். போன மாதம் தோட்டத்துத் துரையின் துரைசாணி குடையும் நாயுமாகக் கடைக்கு வந்தார். சீமையில் இருக்கும் கம்பனிப் பெரியவர்கள், தங்கள் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஏதாவது நன்மை செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்களாம். சாமானெல்லாம் கம்பனி தரும். சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும் தோட்டத்தில் இருப்பவர்கள் சம்பளம் கேட்காமல் தாங்களாக முன்வரவேண்டும். கணக்கப்பிள்ளை சிவஞானம் பையன்களுக்குக் கை கால் நீட்டி மடக்கும் கசரத்துப் பழக்குகிறார். மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மனைவி தையல் சொல்லிக்கொடுக்கிறார். எழுத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண் வாத்தியார் என்பதால் கூலிகள் குடியிருக்கும் லயத்துத் தாய்மார் குமர்ப்பிள்ளைகளை அனுப்புவதில்லை; அவர்களுக்கு ஒரு பெண் வாத்தியார் வேண்டுமாம்.

நான் திரைக்குப் பின்னால் கிதாபு பார்த்துக்கொண்டிருந்ததைத் துரைசாணி கண்டுவிட்டார். "கடைக்காரம்மா, உனக்கு தமிழ் படிக்க தெரியும்?" என்று தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார். "தெரியும் துரைசாணி" என்றேன். அவ்வளவுதான், மறுகிழமையே சிலேட்டுகள் வந்து இறங்கிவிட்டன. என் வீட்டுக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார். துரைசாணியே கேட்டது என்றதும் கடைப் பின்கட்டைத் தானே கூட்டிக் கொடுத்தார்.

கொழுந்து நிறுத்து முடிந்ததும் பிள்ளைகள் கூடையோடு நேரே வருகிறார்கள். அதில் ரெங்கம்மா என்று ஒருத்தி. மேட்டு லயத்து இராக்கம்மாவின் மகள், தகப்பன் இல்லை. நான் ஒரு தரம் எழுதிக் காட்டினால் போதும், மறு தரம் அவள் எனக்கு எழுதிக் காட்டுகிறாள். எல்லாரும் என்னை "வாத்திச்சியம்மா" என்று கூப்பிடுகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பை நாடும்
ஹம்ஸியா

*

பதுளை
1913 மே 25

என் செல்லத் தங்கச்சி வாத்திச்சியம்மாவுக்கு ராத்தா எழுதிக்கொண்டது.

மாசிச் சம்பல் இந்த வண்டியில் வருகிறது. போத்தலைத் திருப்பி அனுப்பு, போன தடவை அனுப்பியதே வந்துசேரவில்லை. அந்தச் சிலேட்டுகள் உன் மச்சானின் கடையிலிருந்து போனவைதான் தெரியுமா? கம்பனியின் எல்லாத் தோட்டங்களுக்கும் சிலேட்டும் துணியும் இவர்தான் கொடுக்கிறார். வீட்டில் இப்போது கம்பனியைப் பற்றியே பேச்சு.

உன் கடிதத்தை நிஸாமிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவன் பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடிவிட்டு, "சாச்சிக்கித் தமிழ் எழுத்துத் தெரியாதே உம்மா, எந்த எழுத்தில படிச்சுக் கொடுக்கிற?" என்று கேட்டான். முதலில் நானும் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

நீயும் நானும் கடிதம் எழுதுகிற எழுத்து வாப்பா மடியில் வைத்துப் பழக்கிய அரபுத் தமிழ். பேச்சுத்தான் தமிழ். எழுத்து, குர்ஆன் ஓதுகிற எழுத்து, வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் போவது. நம் வீட்டுப் பெண்களுக்கு அது ஒன்றுதான் தெரியும். லயத்துப் பிள்ளைகளுக்கு அதையா சொல்லிக்கொடுக்கிறாய்? அல்லது எனக்குத் தெரியாமல் வேறு எழுத்தும் படித்துவிட்டாயா? விளங்க எழுது.

உன் நலம் விரும்பும்
பலீலா

*

கரும்பாறை
1913 ஜூலை 13

அன்புள்ள ராத்தாவுக்கு ஹம்ஸியாவின் ஸலாம்.

பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் கோபிக்காதீர்கள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உங்கள் கேள்வி முன்னால் வந்து நின்றது. ஆமாம் ராத்தா, அந்த எழுத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வேறு எது எனக்குத் தெரியும்? துரைசாணி கேட்டது தமிழ் படிக்கத் தெரியுமா என்று. நான் படிப்பது தமிழ்தானே? நம் உம்மா மருந்துக் குறிப்பு எழுதிவைத்தது தமிழ்தானே? இவருடைய கடைக் கணக்குக்கூட அதில்தான். சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கு இது பொய்யாகத் தோன்றவில்லை.

மனதில் ஒரு மூலையில் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். தேயிலைப் பெட்டியிலும் தபாலிலும் இருக்கிற எழுத்து வேறு என்று நான் அறியாதவளா? ஆனால் யாரும் என்னை இதுவரை எதற்கும் தேடி வந்ததில்லை. துரைசாணி வந்து கேட்டார். ஆசை முந்திக்கொண்டது.

போன மாதம் கம்பனியிலிருந்து அச்சுப் புத்தகங்கள் வந்தன. ஒரு கட்டு. பிரித்துப் பார்த்தேன், ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லை. கட்டை அப்படியே மூடி வெங்காய மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அன்றைக்கு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

பிள்ளைகள் என்னமாய்ப் படிக்கிறார்கள் தெரியுமா? ரெங்கம்மா, தன் தாய் ஏசுகிற ஏச்சையெல்லாம் சிலேட்டில் எழுதிவந்து வாசித்துக் காட்டுகிறாள். நாங்கள் வயிறு நோகச் சிரிக்கிறோம். துரைசாணி வந்து உட்கார்ந்து, அவள் வாசிப்பதைக் கேட்டுக் கைதட்டினார். கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து எல்லாரையும் சிலேட்டோடு வாசலில் நிற்கவைத்துப் படம் பிடித்தார், சீமைக்கு அனுப்பவாம். என்னைக் கூப்பிட்டார்கள். நான் திரையை விட்டு வரவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். பயம்.

சொல்லிவிடட்டுமா ராத்தா? நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

குழம்பிப்போயிருக்கும்
ஹம்ஸியா

*

பதுளை
1913 ஜூலை 27

அன்புத் தங்கச்சிக்கு ராத்தா.

இங்கே உன் மச்சானிடமும் பேசினேன். சொல்லாதே.

கோபப்படாமல் கேள். நீ சொன்னால் துரைசாணி என்ன நினைப்பார் என்பது ஒரு பக்கம். லயத்தில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? கடைக்காரம்மா எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தாள், மார்க்கத்தை மாற்றப் பார்த்தாள் என்றுதான் பேச்சுக் கிளம்பும். கங்காணிமார் கடைக்கு வருவதை நிறுத்தினால் உன் வீட்டுக்காரர் மர்ஸூக் மச்சான் எங்கே போவார்? இங்கே இவரும் அந்தக் கம்பனியை நம்பித்தான் சாமான் இறக்கிவைத்திருக்கிறார். இதையும் மறைக்காமல் சொல்கிறேன், நீ நாளைக்கு ராத்தா தன் வீட்டைப் பார்த்தாள் என்று சொல்லக்கூடாது.

நோன்பு வருகிறது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி மெதுவாக நிறுத்திவிடு. கொழுந்து பறிக்கிற பிள்ளைகள் எந்த எழுத்தைப் படித்தால் என்ன? யாருக்கு எழுதப் போகிறார்கள்? இதில் யாருக்கும் நட்டமில்லை. நீ வீணாக மனதைப் போட்டு அலட்டாதே.

அன்புடன்
பலீலா

*

கரும்பாறை
1913 அக்டோபர் 5

ராத்தாவுக்கு ஸலாம்.

பெருநாள் பலகாரம் கிடைத்தது. நிஸாம் அனுப்பிய முட்டாசி மிட்டாயைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஆமாம், பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். நோன்பில் நிறுத்தினேன், பெருநாள் கழிந்த மறுநாளே பின்கட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போகச் சொல்ல வாய் வரவில்லை.

நட்டமில்லை என்று எழுதினீர்கள். இப்போது நட்டம் வந்துவிட்டது. கம்பனி ஒவ்வொரு தோட்டத்திலும் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைத் தேர்ந்து, தன் செலவில் பதுளை மிஷன் விடுதியில் வைத்து வாத்திச்சியாகப் படிப்பிக்கப்போகிறதாம். படித்து முடித்துத் தோட்டத்துக்கே வந்து மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். துரைசாணி யோசிக்கவே இல்லை. "ரெங்கம்மா போவா" என்றுவிட்டார். தீபாவளி கழிந்து மிஷன் டீச்சர் ஒருவர் வந்து வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். அது சும்மா ஒரு சடங்கு என்கிறார் துரைசாணி.

இராக்கம்மா என் காலில் விழ வந்தாள். கொஸ்லந்தையில் அவள் தம்பி, பெண்சாதி செத்தவன், ரெங்கம்மாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஐப்பசியில் முடிப்பதாகப் பேச்சு. "இனிமே எம்மவள குடுக்க மாட்டேன்னு தம்பிக்கிச் சொல்லியனுப்பிட்டேன் வாத்திச்சியம்மா. எல்லாம் ஒங்க புண்ணியம்" என்கிறாள். ரெங்கம்மா சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

இவரிடம் சொன்னேன். "வாயப் பொத்திக்கிட்டு இரி" என்று எழுந்து போய்விட்டார்.

ராத்தா, ஒரே வழிதான் இருக்கிறது. நிஸாமிடம் சொல்லித் தமிழ் எழுத்து முழுவதையும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நம் எழுத்தையும் எழுதி வாங்கி அனுப்புங்கள். நான் படித்துக்கொண்டு அவளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அவள் பிடித்துக்கொள்வாள், எனக்குப் பயமில்லை. இந்தக் கடிதம் கண்டவுடன், அடுத்த வண்டியிலேயே அனுப்புங்கள்.

ஹம்ஸியா

*

பதுளை
1913 நவம்பர் 2

தங்கச்சி ஹம்ஸியாவுக்கு.

இத்துடன் நிஸாம் எழுதிய எழுத்துத் தாள்கள் வருகின்றன. வடிவாக எழுதியிருக்கிறான், பக்கத்தில் நம் எழுத்து என் கையால் எழுதியது.

உன் கடிதம் வந்த அன்றே அவன் எழுதி முடித்துவிட்டான். அனுப்பாமல் வைத்திருந்தது நான். இவர் வேண்டாம் என்றார். தாள் யார் கையிலாவது அகப்பட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும், தானாக அடங்கிப்போகும் விஷயத்தைக் கிளறாதே என்றார். நானும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இன்றைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன். நேற்று நிஸாம், "சாச்சி படிச்சிட்டாவா உம்மா?" என்று கேட்டான். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவருக்குச் சொல்லாமல் இன்றைக்கு வண்டிக்காரனிடம் கொடுக்கிறேன்.

பசறைப் பாதையில் மண் சரிந்திருக்கிறது என்கிறார்கள். வண்டி போய்ச் சேரவேண்டும் என்று அல்லாஹ்வை வேண்டிக்கொண்டிருக்கிறேன். தாமதம் என் குற்றம். என்னை மன்னித்துக்கொள்.

பலீலா

*

கரும்பாறை
1913 நவம்பர் 16

ராத்தாவுக்கு.

உங்கள் தாள்கள் வெள்ளிக்கிழமை வந்தன. டீச்சர் புதன்கிழமையே வந்துபோய்விட்டார். மண் சரிவுக்குப் பயந்து, பாதை மூடுமுன் முடித்துவிடலாம் என்று குதிரையில் முந்தி வந்துவிட்டார்கள். உங்களைக் குற்றம் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நான் செய்ததைக் கேட்டால் உங்கள் தாமதம் ஒன்றுமில்லை என்று விளங்கும்.

மழையென்றபடியால் வாசிப்புச் சோதனையைக் கடை முன்கட்டிலேயே வைத்தார்கள். துரைசாணி, கம்பனியின் கொழும்புக் கந்தோர் வெள்ளைக்காரர், மிஷன் டீச்சர், கணக்கப்பிள்ளை சிவஞானம். டீச்சர் யாழ்ப்பாணத்து அம்மா, நல்ல மாதிரி. ஆண்கள் இருந்ததால் நான் திரைக்குப் பின்னால். ரெங்கம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, தாயின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொஞ்சமும் பயமில்லை அவளுக்கு. திரை இடுக்கால் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டீச்சர் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் அதைக் கவிழ்த்துப் பின்னட்டையிலிருந்து திறந்தாள். வெள்ளைக்காரர் சிரித்தார். டீச்சர் அன்பாகத் திருப்பிக் கொடுத்து, "வாசியும் பிள்ளை" என்றார். அவள் வரியின் வலது ஓரத்தில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை. பக்கத்தைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள்.

"இது என்ன எழுத்துங்க?" என்று கேட்டாள்.

"தமிழ்தான் பிள்ளை."

"இல்லீங்க. தமிழு இப்பிடி இருக்காதுங்க. எனக்குத் தமிழு தெரியும்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. சிலேட்டை எடுத்து விறுவிறுவென்று எழுதிக் காட்டினாள். அவள் பெயர், தாய் பெயர், தோட்டத்தின் பெயர். ஒரு பிழை இல்லை ராத்தா, திரைக்குப் பின்னாலிருந்து நான் வாசித்தேன். சிவஞானம் எட்டிப் பார்த்து, "சும்மா கிறுக்கியிருக்கிறாள்" என்றார். துரைசாணிக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் கேட்டேனே, இவ நல்லா வாசிச்சா" என்றார். "மனப்பாடமா இருக்கும் துரைசாணி" என்றார் சிவஞானம்.

அப்போது டீச்சர் திரைப்பக்கம் திரும்பினார். "அம்மா, இந்தப் பிள்ளை வகுப்புக்கு ஒழுங்கா வந்தவவோ?" என்று கேட்டார்.

இவர் கல்லாவில் நின்றபடி திரையைப் பார்த்தார். துரைசாணி பார்த்தார். ரெங்கம்மாவும் பார்த்தாள், ராத்தா. அவள் முகத்தில் நிம்மதி வந்ததைக் கண்டேன். வாத்திச்சியம்மா இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்திருக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

"மழைக் காலத்தில ஒழுங்கா வரல்ல" என்று சொன்னேன்.

பேசாமல் இருந்திருந்தால்கூட ஒரு மாதிரி. நான் பொய் சொன்னேன். மழையில் நனைந்து கூடையோடு முதலில் வருகிறவளே அவள்தான். அவள் அழவில்லை. சிலேட்டைக் கையால் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். துரைசாணி திரைக்குள் வந்து என் தோளைத் தட்டி, "நீ கவலைப்படாதே, உன் குத்தம் இல்லை" என்றார்.

அன்றிலிருந்து தொழுகையில் நின்றால் நான் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்கிறது.

ஹம்ஸியா

*

பதுளை
1913 நவம்பர் 23

என் தங்கச்சிக்கு.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். யாருக்கு எழுதப் போகிறார்கள், யாருக்கும் நட்டமில்லை என்று எழுதிய கை இந்தக் கைதான்.

போய்ச் சொல்லிவிடு. இனிமேல் கடையும் வேண்டாம், கம்பனியும் வேண்டாம். மர்ஸூக் மச்சான் கோபித்தால் கோபிக்கட்டும், இவரையும் நான் பார்த்துக்கொள்கிறேன். துரைசாணியிடம் முழுவதையும் சொல்லி, அந்தப் பிள்ளையைத் திரும்பப் பார்க்கச் சொல். நான் வரவேண்டுமென்றால் சொல்லியனுப்பு, பாதை திறந்ததும் வந்து உன் பக்கத்தில் நிற்கிறேன்.

தாமதிக்காதே. தாமதிப்பதில் உன் ராத்தா செய்ததை நீயும் செய்யாதே.

பலீலா

*

கரும்பாறை
1913 டிசம்பர் 14

அன்புள்ள ராத்தாவுக்கு ஸலாம்.

சொல்லிவிட்டேன். இவரிடம் கேட்காமல், முக்காட்டைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்கே நடந்து போனேன். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷத்தில் அந்த மேட்டில் நான் ஏறியதே இல்லை. துரைசாணி பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். எழுத்து வேறு என்பதையும், புத்தகக் கட்டை ஒளித்ததையும், ரெங்கம்மா வரவில்லை என்று சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிட்டு, ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஏசவில்லை. தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ஆனா அதுவும் தமிழ்தானே?" என்றார்.

"பேச்சு தமிழ், எழுத்து வேற, துரைசாணி."

"பரவாயில்லை. சீமையில யாருக்கு வித்தியாசம் தெரியும்?" என்று சிரித்தார். எங்கள் வகுப்புப் படம் கம்பனிப் புத்தகத்தில் அச்சாகிவிட்டதாம், பெரியவர்களுக்கு மெத்தச் சந்தோஷமாம். உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். பிள்ளைகள் எல்லாரும் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிலேட்டில் நம் எழுத்துத் தெளிவாக விழுந்திருக்கிறது. ரெங்கம்மா நடுவில் நிற்கிறாள்.

அவளைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த இடம் பெரிய கங்காணியின் மகளுக்குப் போய்விட்டது, பெயரும் அனுப்பியாயிற்று, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். பிறகு, சம்பளமில்லாமல் உழைத்தவர்களுக்குக் கம்பனி அனுப்பியது என்று ஒரு சால்வையை என் கையில் கொடுத்தார். நல்ல கம்பளிச் சால்வை. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் ராத்தா. நான் அப்படிப்பட்டவள்தான் என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன்.

வீட்டுக்கு வராமல் நேரே மேட்டு லயத்துக்குப் போனேன். இராக்கம்மா மட்டும் இருந்தாள். ரெங்கம்மாவைக் கொஸ்லந்தைக்குக் கொடுத்தாகிவிட்டது, போன கிழமைதான் கூட்டிப்போனார்களாம். நான் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அப்ப எம்மவ மக்கு இல்லீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவ அத்தன தடவ சொன்னா, நான் நம்பலீங்களே. படிக்காம ஏமாத்திட்டேன்னு வெளக்குமாத்தால அடிச்சேனே" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் பங்கு பாவத்தை அவள் தலையிலும் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டு வந்தேன். சொன்னது நல்லதா கெட்டதா என்றே எனக்கு இப்போது தெரியவில்லை.

லயத்தில் பேச்சுக் கிளம்பத்தான் செய்தது. சில பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். இவர் என்னோடு பேசுவதில்லை. மிச்சமிருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து நிஸாமின் தாள்களைப் பார்த்து நானும் அ, ஆ எழுதிப் பழகுகிறேன். எனக்குக் கை இடப்பக்கத்திலிருந்து தொடங்க மறுக்கிறது. பிள்ளைகளுக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

கொஸ்லந்தைப் பக்கம் மச்சானுக்குத் தெரிந்த கடைக்காரர் யாராவது இருந்தால் அவளைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. என் மேல்தான்.

ஹம்ஸியா

*

கொஸ்லந்த
மாசி மாசம்

வாத்திச்சியம்மாவுக்கு ரெங்கம்மா எழுதிக்கிறது.

நான் நல்லா இருக்கேன். நீங்களும் கடைக்காரரும் நல்லா இருக்கீங்களா? கடுதாசின்னா மொதல்ல இப்பிடித்தான் கேக்கணும்னு நீங்க சொல்லிக்குடுத்தீங்க, அதனால கேக்கறேன்.

இங்க லத்தீப் நானான்னு ஒருத்தரு கடை வச்சிருக்காரு. அரிசி வாங்கப் போனப்ப மூட்டையில அவரு கையால எழுதியிருந்தத நான் வாய்விட்டு வாசிச்சிட்டேன். அவரு அரிசிப் படியக் கீழ போட்டுட்டாரு. "புள்ள, நீ எங்க ஆளா?" ன்னு கேட்டாரு. இல்லீங்க, மடுல்சீமைத் தோட்டத்துக் கம்பனிப் பள்ளிக்கூடத்துல படிச்சேன்னு சொன்னேன். அவருதான் இது என்னா எழுத்துன்னு வெவரமாச் சொன்னாரு. அன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த டீச்சரம்மா புஸ்தகத்துல இருந்ததுதான் ஏதோ புது எழுத்துன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். பதுளையில இருந்து நீங்க கேட்டனுப்பினதா ஒரு ஆளு வந்து விசாரிச்சாராம், அதையும் சொன்னாரு. காயிதமும் அவரு குடுத்ததுதான். அவரு படிச்சிடக் கூடாதுன்னு ஒட்டிக் குடுக்கப்போறேன்.

எம்மாமன் அடிக்கிறதில்ல. தண்ணி போட்டாப் பேச மாட்டாரு, தூங்கிடுவாரு. அவரு மொதப் பொண்டாட்டியோட புள்ளைங்க ரெண்டு இருக்கு. சின்னது என்னய ஆத்தான்னு கூப்புடுது. விடிஞ்சாப் பெரட்டுல பேரு குடுத்துட்டு, பொறகு மலைக்கிப் போறேன். கஷ்டம்னு சொல்லிட முடியாது.

நீங்க எழுத்த மாத்திச் சொல்லிக்குடுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. ஒங்களுக்குத் தெரிஞ்சதத்தான குடுக்க முடியும். ஆனா மழையில வரலைன்னு சொன்னீங்களே. ஒரு நாளாச்சும் நான் வராம இருந்திருக்கேனா? காய்ச்சலோட வந்தப்ப நீங்கதான கஞ்சி காச்சிக் குடுத்தீங்க. அம்மா அடிச்சது மறந்துபோச்சு. நீங்க சொன்னது மறக்கல. மலையில கொழுந்து பறிக்கறப்ப அத நெனச்சா எனக்கு அழுகை அழுகையா வருது. கோவத்துல பல்லக் கடிச்சிக்கிறேன்.

அத எங்கம்மாவுக்கு எழுதலாம்னு பாத்தேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது. கணக்கப்பிள்ளைக்கி எழுதினா கிறுக்கல்னு சொல்வாரு. இங்க மாமங்கிட்ட காட்டினா மந்திரமான்னு பயப்படறாரு. ஒங்க மேல எனக்கு இருக்கிற கோவத்த எழுதணும்னாலும், ஒங்களுக்குத்தான் எழுத வேண்டியிருக்கு வாத்திச்சியம்மா.

இப்படிக்கி
ரெங்கம்மா